மேட்டிலிருந்து இறங்கிய வீடு

வாங்க தம்பி, இப்படி வைக்கோல் மேல உக்காருங்க. வீட்டுக்குள்ள வேணாம். அங்க பேசினா லவீனியா காதுல விழும். லவீனியா என் வீட்டுக்காரி. அவ காது எப்படின்னா, நான் இந்தக் கொட்டகையில பெருமூச்சு விட்டா அடுப்படியில இருந்து "என்ன ஆச்சு?"ன்னு கேப்பா. சாப்பாடு ஆக இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

மாவட்டத்துக்குப் புத்தகம் போடறீங்க, நல்ல விஷயம். முதல்ல வந்து குடியேறினவங்க, போருக்குப் போனவங்க எல்லாரையும் பத்தி எழுதறதா சொன்னீங்க. நான் ரெண்டும். எழுதிக்குங்க: ஓரின் பெல்நாப். பொறந்தது ஒஹாயோ. அயோவாவுல இந்தப் பக்கம் முதல் வீடு கட்டினவன். பக்கத்து நிலத்துக்காரன் ஹல்வோர், நார்வேக்காரன், தான்தான் முதல்ல வந்தேன்னு சொல்லுவான். அவனையும் பாக்கப் போறீங்கல்ல? சொல்லுவான் பாருங்க. அவன் எனக்கு முன்னாடி வந்தது நிஜம்தான். ஆனா வந்து என்ன செஞ்சான்? பொண்டாட்டி பிள்ளைங்களோட மண்ணைத் தோண்டி ஒரு குழிக்குள்ள இருந்தான். குழி எப்படி வீடாகும்? வீடுன்னு கட்டினது நான்தான்.

எங்க கட்டினேன்னு கேளுங்க. இதோ இந்தப் பலகைச் சந்து வழியாப் பாருங்க. தெரியுதா, அந்த மேடு? அங்க கட்டினேன். மத்தவன் எல்லாம் ஓடை ஓரம், ஊத்து ஓரம்னு பள்ளம் பார்த்துப் பதுங்கினான். நான் மேட்டுல நின்னேன். நாலு திசையும் தெரியும். எவன் வந்தாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே கண்ணுல பட்டுடுவான். எவனும் வரலைன்னு வைங்க. நாலு வருஷத்துல ஒரு பாத்திர வியாபாரி வந்தான், ஒரு பாதிரியார் வந்தார். ஆனா ரெண்டு பேரையும் நான் முன்னாடியே பார்த்துட்டேன்.

தண்ணி மட்டும் கீழ. இப்ப இந்த வீடு இருக்குற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஊத்து இருக்கு, வர்றப்பப் பார்த்திருப்பீங்க, கோடையிலயும் வத்தாது. லவீனியா அங்க இருந்து சுமப்பா. தோளுக்குக் குறுக்கே ஒரு கட்டை, ரெண்டு முனையிலயும் வாளி. காலையிலயும் நடை, சாயங்காலமும் நடை, துணி துவைக்கிற நாளா இருந்தா பொழுதுக்கும் நடை. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை சொன்னா, "ஓரின், வீட்டை ஊத்துக்கிட்ட கட்டியிருக்கலாம்"னு. ஒரே ஒரு தடவைதான். நான் பொறுமையா விளக்கினேன். "வீடுன்னா பார்வை முக்கியம், லவீனியா. தண்ணி எங்க இருந்தாலும் வந்து சேரும்"னேன். சொன்ன மாதிரியே வந்து சேர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஒரு நாள்கூடத் தவறினதில்லை.

நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. அவளுக்காக மேட்டுல கிணறு வெட்டினேன். ஒரு கோடை முழுக்க வெட்டினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும்பாங்க. எனக்குத் தண்ணியும் வரலை, பூதமும் வரலை, பாறைதான் வந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

சரி, போருக்கு வர்றேன், வர்றேன். நீங்க வந்ததே அதுக்குத்தானே.

ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரெண்டாம் வருஷம், வடக்குக்கும் தெக்குக்கும் நடந்த போர்ல, நான் வடக்குப் படையில சேர்ந்தேன். யாரும் கட்டாயப்படுத்தல, நானாப் போனேன். அதை முதல் வரியிலயே போடுங்க. லவீனியா அப்ப முழுகாம இருந்தா. எங்களுக்கு முதல் குழந்தை. "தேசம் கூப்பிடுது"ன்னேன். "தேசம் இன்னும் ஆறு மாசம் பொறுக்காதா?"ன்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி விஷயம் எல்லாம் புரியறது கஷ்டம். நான் கோபப்படல. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு இறங்கினேன். மேட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. வெகு தூரம் வரைக்கும் என்னைப் பார்த்திருப்பா. பார்த்தீங்களா, மேட்டுல வீடு கட்டினதால எவ்வளவு லாபம்!

தெக்க, டென்னஸீயில ஒரு ரயில் பாலத்துக்குக் காவல் போட்டாங்க. ரெண்டு வருஷம் காவல் இருந்தோம். அந்தப் பாலத்தை எதிரி தொடவே இல்லை. நாங்க நின்னதாலதான் தொடலைன்னு எழுதிக்குங்க. அப்புறம் ஒரு சண்டை. பெரிய சண்டை. எங்க கர்னலும் என்னை மாதிரிதான், விஷயம் தெரிஞ்ச மனுஷன். "மேட்டைப் பிடிங்கடா!"ன்னாரு. பிடிச்சோம். மேட்டுல நின்னதால எதிரியோட பீரங்கிக்காரனுக்கு எங்களை ரொம்ப நல்லாத் தெரிஞ்சுது. அது வேற விஷயம். என் தொடையில இரும்புத்துண்டு பாய்ஞ்சது அங்கதான். கீழ ஓடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்ட ரெஜிமெண்ட்டுல ஒருத்தனுக்கும் கீறல்கூட இல்லை. இருந்து என்ன? அவனுங்களைப் பத்தி எவன் புத்தகம் போடறான்?

அங்க இருந்து நான் வீட்டுக்கு வாராவாரம் எழுதுவேன். கிழக்கு வயலை எப்ப உழணும், விதைச்சோளத்தை எங்க கட்டித் தொங்கவிடணும், காளையை யாருக்கும் இரவல் குடுக்கக் கூடாது. எல்லாம் விவரமா எழுதுவேன். கர்னல் எங்களுக்குக் குடுக்கற உத்தரவு மாதிரியே இருக்கும். அவ பதில் நாலு வரிதான் போடுவா. பொண்ணு பொறந்திருக்கு, எஸ்தர்னு பேர் வெச்சிருக்கேன்னு எழுதினா. அதுக்கு அடுத்த குளிர்காலம், எஸ்தர் போயிட்டான்னு எழுதினா. குளிர் தாங்கலைன்னு மட்டும் இருந்துச்சு. நான் ஆறுதலா எழுதினேன். ஆண்டவன் சித்தம், மனசைத் தேத்திக்கோன்னு எழுதினேன். சிவப்புக் கன்னுக்குட்டியை விக்க வேணாம்னும் எழுதினேன். எங்க படையில நான் பாக்கப் பத்துப் பேர் ஒரு குழியில போனாங்க, தம்பி. மூஞ்சியே பாக்காத குழந்தை... சரி, அது கிடக்கட்டும்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். இதைத்தான் நீங்க புத்தகத்துல போடணும். போர்ல எனக்கு நடந்தது ஒண்ணுமில்லை. போர் முடிஞ்சு வந்தப்புறம் நடந்ததுதான் அநியாயம்.

அறுபத்தஞ்சுல விட்டாங்க. ரயில் முடியற இடத்துல இறங்கி, நொண்டிக்கிட்டே ரெண்டு நாள் நடந்து வர்றேன். வழி முழுக்க ஒரே நினைப்பு. மேட்டுல வீடு. அவ என்னைத் தூரத்துலயே பார்த்துடுவா. ஓடி வருவா. நான் வேணும்னே தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, காலை இழுக்காம நடந்தேன். மேடு தெரிஞ்சுது, எதிர் வெயில்ல உச்சிதான் கண்ணுக்குச் சிக்கல. ஏறினேன். மூச்சு வாங்குது. ஏறி முடிச்சு நிமிர்ந்து பாக்கறேன்.

வீடு இல்லை.

தம்பி, வீடு இல்லை! எரிஞ்சிருந்தா சாம்பல் இருக்கும். இடிஞ்சிருந்தா கட்டை கிடக்கும். சுத்தமா, துடைச்சு வெச்ச மாதிரி, ஒண்ணுமே இல்லை. என் கிணறு இருக்கு, நிலவறைக்குத் தோண்டின பள்ளம் இருக்கு, வாசப்படிக் கல்லு இருக்கு. அந்தக் கல்லு மேல உக்காந்துட்டேன். செத்துட்டாளா? போயிட்டாளா? மூணு வருஷம் குண்டுக்கு நடுவுல இருந்தப்பக்கூட நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அன்னிக்குக் கூப்பிட்டேன். "லவீனியா!"ன்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

கீழ இருந்து குரல் வருது: "இங்க இருக்கேன், ஓரின்! இறங்கி வா, சூப் ஆறுது!"

எட்டிப் பாக்கறேன். பள்ளத்துல, ஊத்துக்குப் பக்கத்துல, என் வீடு. நான் வெட்டின மரம், நான் செதுக்கின கட்டை, நான் வெச்ச ஜன்னல். எல்லாம் அப்படியே இருக்கு, இடம்தான் வேற. கோழி மேயுது. புகை போகுது. ஒரு வெக்கம் இல்லாம அங்க உக்காந்திருக்கு வீடு.

இறங்கினேன். அவ வாசல்ல நிக்கறா. கட்டிப் பிடிச்சா. அழுதா. நானும் கொஞ்சம்... வழியில தூசி அதிகம். அப்புறம் கேட்டேன்.

"வீட்டை யாரு இங்க கொண்டு வந்தது?"

"நானும் ஹல்வோரும். போன குளிர்காலத்துல. அடியில ரெண்டு சறுக்குக்கட்டை குடுத்து, பனி மேல இழுத்தோம். ஊர் மாடு பூரா வந்துச்சு."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கறது? நீ டென்னஸீயில இருந்தே."

"எழுதியிருக்கலாமே!"

"எழுதியிருந்தா வேணாம்னு எழுதியிருப்பே."

"கண்டிப்பா எழுதியிருப்பேன்!"

"அதனாலதான் எழுதல."

நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு சிப்பாய் தேசத்துக்காக மேட்டைப் பிடிக்கப் போறான். அந்த நேரம் பார்த்து அவன் பொண்டாட்டி அவனோட மேட்டைக் கைவிடறா! "இந்த வீடு மறுபடி மேல போகணும். அதுவரைக்கும் நான் நிலைப்படியை மிதிக்க மாட்டேன்"னேன். அவ ஒரு நிமிஷம் என்னையே பார்த்தா. தாடி, நொண்டிக் கால், கிழிஞ்ச சட்டை, எல்லாத்தையும் பார்த்தா. "சூப்பை இங்க குடிக்கறியா, மேல கொண்டு வரவா?"ன்னா.

"மேல"ன்னேன்.

இப்படித்தான் ஆரம்பிச்சுது முற்றுகை. சிரிக்காதீங்க. எங்கிட்ட படைக் கூடாரத் துணி இருந்துச்சு. வீடு இருந்த இடத்துலயே கூடாரம் அடிச்சேன். மேடு என் கையில, பள்ளம் அவ கையில. மேடு வெச்சிருக்கறவன்தான் ஜெயிப்பான், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பகல்ல இறங்கி வந்து வயல் வேலை பார்ப்பேன், அறுவடை சமயம் பாருங்க, விட முடியாது. ஆனா சாப்பாடு, படுக்கை எல்லாம் மேலதான். அவ தினமும் சாப்பாடு கொண்டு வருவா. தண்ணியும் கொண்டு வருவா, பழையபடி தோள்ல கட்டை போட்டு ரெண்டு வாளி. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். எதிரி தினமும் தூது அனுப்பறான்னா என்ன அர்த்தம்? தளர்ந்துட்டான்னு அர்த்தம்.

காப்பி போட எனக்கு ஒரு அடுப்பு வேணுமில்லையா? மேட்டோட ஓரத்துல ஒரு காட்டு பிளம் மரம் நிக்குது. நான் போறப்ப அது கிடையாது, புதுசு. அதுக்கு அடியில தட்டையா, வெளுப்பா கொஞ்சம் கல்லு. யாரோ ஒழுங்கா அடுக்கி வெச்சிருந்தாங்க. கிணத்துக்கு வெட்டின கல்லுல மிச்சம்னு நினைச்சேன். அதைப் பிரிச்சு எடுத்து மூணு பக்கம் நிறுத்தி, நல்லா ஒரு அடுப்புக் கட்டினேன். படையில எல்லாரும் என் அடுப்பைத்தான் மெச்சுவாங்க.

முதல் நாள் அந்த அடுப்பைப் பார்த்ததும் லவீனியா அப்படியே நின்னுட்டா. வாளித் தண்ணி தளும்பி அவ பாவாடையெல்லாம் நனைஞ்சுது. "என்ன?"ன்னேன். என் மூஞ்சியவே பார்த்தா, நான் இன்னும் எதையோ கேக்கப் போற மாதிரி. நான் "உப்பு கொண்டு வந்தியா?"ன்னு கேட்டேன். வெச்சுட்டு இறங்கிப் போயிட்டா. முற்றுகை பலமாயிடுச்சுன்னு பயந்துட்டாள்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் அவ வந்தா உடனே போறதில்லை. உக்காருவா. நான் சாப்பிட்டுக்கிட்டே சண்டைக் கதை சொல்வேன், பாலத்துக் கதை, கர்னல் கதை. அவ பிளம் மரத்துப் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கிட்டிருப்பா. அவ்வளவு கவனமா என் கதையை அதுக்கு முன்னாடியும் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை.

இப்படி அறுவடை முடிஞ்சுது. இலை உதிர்ந்துச்சு. காலையில வாளித் தண்ணி மேல ஏடு கட்டின மாதிரி பனி படிய ஆரம்பிச்சுது. தொடை வலி உயிர் போகுது. ஆனா விடல. அப்பதான் ஒருநாள் மத்தியானம் ஹல்வோர் ஏறி வந்தான், கையில ரெண்டு கம்பளி. நான் அவன்கிட்ட பேசறதில்லை. எதிரிக்கு மாடு குடுத்து உதவினவன் இல்லையா? ஆனா கம்பளியை வாங்கிக்கிட்டேன். கம்பளி என்ன பாவம் பண்ணுச்சு?

அடுப்புல காப்பிப் பானை கொதிக்குது. ஹல்வோர் அதைப் பார்த்தான். பார்த்துட்டு மெதுவாத் தொப்பியைக் கழட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "நார்வேயில காப்பிப் பானைக்கெல்லாம் மரியாதை குடுப்பீங்களோ?"ன்னேன்.

அவன் சிரிக்கல. "அவ உங்கிட்ட இன்னும் சொல்லலையா?"ன்னான்.

"எதை?"

"நீ கேப்பேன்னு காத்துக்கிட்டு இருக்கா. குழந்தை எங்கன்னு நீ கேப்பேன்னு. வந்த நாள்ல இருந்து காத்துக்கிட்டு இருக்கா." அப்புறம் தொப்பியால கல்லைக் காட்டினான். "அது எஸ்தர், ஓரின். பலகை நட்டிருந்தோம். வசந்தத்துல புல்லுத்தீ வந்து எரிஞ்சுபோச்சு. கல்லு மட்டும் நின்னுச்சு. அந்த மரம் அதுக்கப்புறம் அவ நட்டது."

ஊர்க் கல்லறையில வெச்சிருப்பாங்கன்னு நினைச்சிருந்தேன், தம்பி. கேக்கணும்னு தோணல. அவ்வளவுதான். சிப்பாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கன்னு கேக்க ஆரம்பிச்சா முடிவே இருக்காது.

ஹல்வோர் அதிகம் பேசற ஆள் இல்லை. அன்னிக்குப் பேசினான். எஸ்தர் போன வருஷம் பனி லேட்டு. மண்ணு காஞ்சு இறுகிக் கிடந்துச்சாம், உருக்கிக் குடிக்க ஒரு பிடி பனிகூட இல்லையாம். ஒருநாள் பகல்ல குழந்தை தூங்கிச்சு, வீட்டுல தண்ணி இல்லை. லவீனியா அடுப்புல விறகு வெச்சுட்டு ஊத்துக்கு இறங்கினா. ஏறும்போது பிடிச்சுக்கிச்சு புயல். அந்த வருஷத்து முதல் பனியே புயலா வந்துச்சு. கையை நீட்டினா கை தெரியாது. பள்ளத்துல மரம் இருக்கு, ஓடை இருக்கு, தடவிக்கிட்டே போகலாம். மேட்டுல என்ன இருக்கு? வேலி இல்லை, மரம் இல்லை. சுத்திச் சுத்தி நடந்திருக்கா. வீட்டைத் தாண்டிப் போயிருக்கா, திரும்பி வந்திருக்கா, மறுபடி தாண்டிப் போயிருக்கா. புயல் விட்டப்ப வீடு அவளுக்குப் பக்கத்துலயேதான் இருந்துச்சாம். உள்ள அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.

ஹல்வோர் தன் வண்டிப் பலகையைக் கழட்டித்தான் பெட்டி செஞ்சானாம். அடுத்த குளிர்காலம் லவீனியா அவன் வீட்டுக்கு வந்து, உன் மாடு வேணும்னு மட்டும் கேட்டாளாம். எதுக்குன்னு அவன் கேக்கலையாம்.

காரணம் இருந்துச்சு. நான் இல்லைன்னு சொல்லவே இல்லை. ஆனா தம்பி, காரணம் வேற, அனுமதி வேற. இன்னிக்கு வரைக்கும் நான் அதைத்தான் சொல்றேன்.

நான் என்ன செஞ்சேன்னு கேக்கறீங்களா? என்ன செய்ய, காப்பிப் பானையை இறக்கினேன். நெருப்பைத் தள்ளினேன். கல்லை எடுத்தேன். "சூடா இருக்கு, ஆறட்டும்"னு ஹல்வோர் கத்தினான். எனக்கு ஒழுங்கு முக்கியம். ஒரு பொருளை எடுத்த இடத்துல வைக்கணும், அதுவும் உடனே வைக்கணும். படையில அப்படித்தான் பழக்கினாங்க. ஒவ்வொண்ணா வெச்சேன். இதோ பாருங்க, ரெண்டு உள்ளங்கையிலயும் இந்தத் தழும்பு. இது போர்ல வந்ததுன்னு எழுதிக்குங்க.

கல்லு வெள்ளைக் கல்லு. இப்ப ஒரு பக்கம் கரி. கழுவணும், மேல தண்ணி இல்லை. வாளியை எடுத்துக்கிட்டு நானே இறங்கினேன். ஊத்துல மொண்டுக்கிட்டு ஏறினேன். வழியில மூணு தடவை உக்கார வேண்டியதாப் போச்சு. அடிபட்ட காலு பாருங்க. நல்ல காலா இருந்தா ஒரே மூச்சுல ஏறியிருப்பேன். மணல் போட்டுத் தேய்ச்சேன். தண்ணி தீர்ந்துடுச்சு. மறுபடி இறங்கினேன். ரெண்டாவது நடைக்கு வர்றப்ப லவீனியா ஊத்துக்கிட்ட நிக்கறா. என் கையைப் பார்த்தா. உள்ள போய்ப் பாத்திரம் தேய்க்கற பிரஷ்ஷை எடுத்துட்டு வந்து குடுத்தா. கூடவே ஒரு வாளியை அவ தூக்கினா. ரெண்டு பேரும் ஏறினோம்.

தேய்ச்சோம். எல்லாக் கரியும் போகல. ரெண்டு கல்லுல இன்னும் இருக்கு. மழையிலயும் போகல.

அன்னிக்கு வேலை முடிஞ்சதும் நான் கூடாரத்தைப் பிரிச்சேன். இதை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது, ஹல்வோரும் இதைத் தப்பாத்தான் சொல்லுவான். நான் தோத்து இறங்கல. பனிக்காலம் வந்துடுச்சு, துணி கிழிஞ்சிருந்துச்சு. பனிக்காலம் வந்தா எந்தப் படையும் மேட்டை விட்டுட்டுப் பள்ளத்துல போய்ப் பாளயம் போடும். அதுக்குப் பேரு குளிர்காலப் பாளயம். பெரிய பெரிய தளபதியெல்லாம் செஞ்சது. வசந்தம் வந்ததும் திரும்ப ஏறி முற்றுகையைத் தொடரலாம்னுதான் இருந்தேன். வசந்தத்துல உழவு வந்துச்சு. அப்புறம் விதைப்பு. அப்புறம் எங்க அடுத்த பொண்ணு நெல்லி பொறந்தா. ஒண்ணு மாத்தி ஒண்ணு. இன்னும் உடன்படிக்கை எதுவும் ஆகல. முற்றுகை நிலுவையில இருக்குன்னு வேணா எழுதிக்குங்க.

எங்க மத்த பிள்ளைங்க மூணு பேரும் பள்ளத்துலதான் பொறந்தாங்க. நல்லாத்தான் இருக்காங்க, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனா ஒருத்தருக்கும் தொலைநோக்கு கிடையாது. பள்ளத்துல வளர்ந்தா அப்படித்தான்.

நிலைப்படி தாண்டினேனா? தாண்டினேன். தாண்டும்போது அவ என் கையைப் பிடிச்சு அடுப்புப் பக்கம் உக்கார வெச்சா. பன்னிக் கொழுப்பைத் தடவி, துணி சுத்தினா. நான் ஏதாவது சொல்லணுமே. போர்ல நான் பேசாம இருந்ததே இல்லை, எல்லாத்துக்கும் ஒரு கருத்து வெச்சிருப்பேன். அன்னிக்குக் கருத்து இல்லை, ஒரு கேள்விதான் இருந்துச்சு. "யார் ஜாடை?"ன்னு கேட்டேன்.

துணியை முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தவ நிறுத்தினா. "உன் ஜாடைதான்"னா. "மூக்கு, நெத்தி எல்லாம் நீதான். எதைக் குடுத்தாலும் முதல்ல தலையை ஆட்டி வேணாம்பா. அப்புறம் வாங்கிப்பா."

"புத்திசாலி"ன்னேன்.

"ஆமா"ன்னா. அப்புறம் பேச ஆரம்பிச்சா. எப்ப பல்லு முளைச்சுது, எப்ப நடந்தா, கோழியைப் பார்த்து என்னன்னு கூப்பிடுவா. விடிய விடியன்னு சொல்ல மாட்டேன், ஆனா விளக்குக்கு ரெண்டு தடவை எண்ணெய் ஊத்தினோம். அவ நாலு வரிக்கு மேல பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் புத்தகத்துக்கு வேணாம். குடும்ப விஷயம். நீங்க பாலத்தைப் போடுங்க, கர்னலைப் போடுங்க, அனுமதி இல்லாம வீட்டை நகர்த்தினதைப் போடுங்க. படிக்கறவன் தீர்ப்பு சொல்லட்டும்.

கேக்குதா? கூப்பிடறா. சாப்பாடு ஆயிடுச்சு. வாங்க, எழுந்திரிங்க. முதுகுல வைக்கோல் ஒட்டியிருக்கு, தட்டிக்குங்க. மேல்கோட்டைக் கழட்டாதீங்க. ஏன்னா, இந்த வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. இந்த நாட்டுல புத்தி உள்ளவன் எவனாவது வடக்குல வாசல் வைப்பானா? நான் கட்டினப்ப தெக்கு வாசல்தான். இறக்கிக் கொண்டு வந்தப்பத் திருப்பி வெச்சுட்டா. முதல் நாள் உள்ள போய் உக்காந்தப்ப, மேசையில இருந்து நிமிர்ந்து பாக்கறேன், நேரா அந்த மேடு. அந்த மரம். பனியிலயும் தெரியும், புழுதியிலயும் தெரியும். காத்து அங்க இருந்து இறங்கி ஒரு தடையும் இல்லாம நேரா நம்ம தட்டுக்கு வரும். ஹல்வோர் மகன் தச்சன், வாசலைத் தெக்கால மாத்தித் தர்றேன், ஒரு நாள் வேலைன்னு பல தடவை கேட்டுட்டான். நான்தான் வேணாம்னுட்டேன்.

சாப்பிடும்போது கதவு திறந்துதான் இருக்கும். நீங்க விருந்தாளி, குளிருதேன்னு எழுந்து போய்ச் சாத்திடாதீங்க. வடக்குக் காத்து நெஞ்சுக்கு நல்லது, தம்பி. படையில டாக்டரே சொல்லியிருக்கார்.